குரோமியத்தில் ஓர் ஊசித்துளை

கிணற்றடியில் கிடக்கும் நாக முலாம் பூசிய வாளியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிணற்றுக் கட்டில் மோதி மோதி அதன் பக்கமெல்லாம் கீறல். கீறலின் அடியில் இரும்பு வெளியே தெரிகிறது. ஆனாலும் மாதக்கணக்காக அந்தக் கீறலில் கறள் ஏறுவதில்லை. அதே வளவில் நிற்கும் பழைய மொறிஸ் மைனரின் பம்பரில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை ஒன்று விழுந்தால் போதும், ஒரு வாடைக்காலம் முடிவதற்குள் அந்த இடத்தில் கபிலப் புள்ளி தெரியும். இரண்டுக்கும் உள்ளே இருப்பது இரும்புதான். வாளிக்குப் பூசியது மலிவான நாகம், அதாவது துத்தநாகம். பம்பருக்குப் பூசியது விலை கூடிய நிக்கலும் குரோமியமும். விலை கூடியது தோற்று மலிவானது வெல்வது எப்படி?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் உறைக்கும். நிலாவெளி, குச்சவெளி தாண்டி, சுமார் 45 கிலோமீற்றரில் திரியாய். ஒரு பக்கம் கடலும் களப்பும், மறுபக்கம் வயலும் காடும். ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் தை வரைக்கும் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே ஊருக்குள் அடிக்கும். அந்தக் காற்றில் ஈரம் மட்டுமல்ல, உப்பும் வருகிறது. தகரக் கூரை, சைக்கிள் றிம், கதவுப் பிணைச்சல் எதுவும் அதற்குத் தப்பாது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய காரின் முகப்பை, அதாவது கிறிலையும் பம்பரையும் ஓரத்தில் ஓடும் பீடிங் பட்டிகளையும், பழையபடி மினுங்க வைப்பதென்றால் முதலில் கறளின் கணக்கைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே வேலையைப் பெரும்பாலும் மசில் கார்களுக்குச் செய்கிறார்கள். 1964இல் வந்த பொன்ரியக் ஜீரீஓ முதலான, நடுத்தர உடலுக்குள் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்திய கார்கள் அவை. நம் தீவில் அந்த இடத்தைப் பிடித்திருப்பவை பிரித்தானியக் கார்கள்: 1948 முதல் 1971 வரை தயாரான மொறிஸ் மைனர், 1952 முதல் 1954 வரை வந்த ஒஸ்ரின் ஏ40 சோமர்செற், இவற்றின் உடன்பிறப்புகள். 1960களில் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை அந்த இறுக்கம் தளரவில்லை. இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட வேண்டிய கட்டாயம். பிறகு போர். 1990க்குப் பின் வடக்கில் எரிபொருள் தடை இருந்த காலத்தில், இதே ஏ40களும் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினைக் காப்பாற்றிய கைகளுக்கு அப்போது கிறிலின் பளபளப்பைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. அந்தக் கணக்கு இப்போதுதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பளபளப்பின் தடிப்பு எவ்வளவு?

குரோமியப் பம்பர் என்று சொல்கிறோமே, அதில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது? வழக்கமாக ஒரு மைக்ரோமீற்றரில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை. ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. மனிதத் தலைமயிர் சுமார் 70 மைக்ரோமீற்றர். அந்த மயிரை இருநூறு படலமாக உரித்தால் கிடைக்கும் ஒரு படலம்தான் நாம் பார்த்து வியக்கும் குரோமியம்.

அதற்குக் கீழே நிக்கல் இருக்கிறது. நல்ல வேலையென்றால் 20 முதல் 40 மைக்ரோமீற்றர் வரை. சில வேளை அதற்கும் கீழே செப்பு. செப்புக்குக் கீழே உருக்குத் தகடு. பளபளப்பின் பெரும்பகுதியைத் தருவது மேலே உள்ள குரோமியம் அல்ல, கீழே உள்ள நிக்கலின் மழமழப்பு. குரோமியத்தின் வேலை அந்த மழமழப்பு மங்காமல் பார்த்துக்கொள்வது. வெறும் நிக்கல் நாளாக மஞ்சள் பாய்ந்து மங்கும். குரோமியம் மங்காது, மெல்லிய நீலச் சாயலோடு நிற்கும். 1920களின் நடுப்பகுதியில் குரோமிய முலாம் தொழிற்சாலைகளுக்கு வருவதற்கு முன் கார்களின் முகப்பு வெறும் நிக்கலாகவே இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை தேய்த்து மினுக்க ஆள் வேண்டியிருந்தது.

குரோமியம் மங்காததற்குக் காரணம் அது காற்றோடு சேராமல் இருப்பதல்ல. மிக விரைவாகச் சேர்ந்துவிடுவதுதான். காற்று பட்டவுடனே அதன் மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகிறது. தடிப்பு ஒருசில நனோமீற்றர் மட்டுமே. ஒளி ஊடுருவுவதால் கண்ணுக்குத் தெரியாது. கீறினால் அந்த இடத்தில் உடனே மறுபடி வளரும். இதைக் காப்புப் படலம் என்று சொல்லலாம். துருப்பிடிக்காத உருக்கும் இந்தப் படலத்தால்தான் துருப்பிடிக்காமல் இருக்கிறது. அதில் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத படலம் இருப்பதை எப்படி அறிந்தார்கள்? 1836இல் சுவிற்சர்லாந்தின் ஷான்பைன் என்ற வேதியியலாளர் ஒரு விசித்திரத்தை மைக்கல் ஃபரடேக்கு எழுதினார். செறிவு குறைந்த நைத்திரிக் அமிலத்தில் கொதித்துக் கரையும் இரும்பு, செறிவு கூடிய அமிலத்தில் போட்டால் அசையாமல் கிடக்கிறது. அதன் மேல் ஒட்சைட்டுத் தோல் ஒன்று படிந்திருக்க வேண்டும் என்று ஃபரடே ஊகித்தார். தோலைக் கண்ணால் காட்ட இன்னும் தொண்ணூறு ஆண்டு சென்றது. 1927இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவான்ஸ் அடியிலுள்ள இரும்பைக் கரைத்துவிட்டு, படலத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்தார்.

நிக்கலின் அருமை தெரிய ஒரு போர் வேண்டியிருந்தது. 1950இல் கொரியப் போர் தொடங்கியதும் நிக்கல் ஆயுத உற்பத்திக்குத் திருப்பப்பட்டது. அமெரிக்கக் கார் நிறுவனங்கள் நிக்கலைக் குறைத்தோ விட்டுவிட்டோ செப்பின் மேல் நேரே குரோமியம் பூசி, அதன் மேல் நிறமற்ற வார்னிஷ் அடித்து விற்றன. கடையில் நிற்கும்போது எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் 1951, 1952ஆம் ஆண்டுக் கார்களின் குரோமியம் வெகு சீக்கிரம் புள்ளி விழுந்து உரிந்தது. பழைய கார் சேகரிப்பவர்கள் இன்றும் அந்த ஆண்டுகளின் குரோமியத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். காவல் காப்பது நிக்கல், குரோமியம் அதன் மேற்போர்வை. இதை ஒரு நாட்டின் கார்கள் அத்தனையும் சேர்ந்து நிரூபித்துக் காட்டின.

உப்புத் துளிக்குள் இரண்டு நிறம்

அந்த நிக்கலில் துளை விழுந்தால் என்ன நடக்கும்? இதற்கும் எவான்ஸிடமே போக வேண்டும். 1920களில் அவர் செய்த சோதனையைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் யாரும் செய்து பார்க்கலாம். மினுக்கிய உருக்குத் தகட்டில் ஒரு துளி உப்புநீர். அந்த நீரில் முன்கூட்டியே இரண்டு காட்டிகளைக் கலக்க வேண்டும். பொற்றாசியம் பெரிசயனைட்டு, இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும். பினோத்தலீன், காரம் பிறக்கும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். சிறிது நேரத்தில் துளியின் நடு நீலமாகவும் ஓரம் இளஞ்சிவப்பாகவும் பிரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கபில வளையமாகக் கறள் படியும்.

இதில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, கறள் பிடிப்பது ஒரு மின் வேலை. நடுவில் இரும்பு இலத்திரன்களை விட்டுவிட்டுக் கரைகிறது. இலத்திரன்கள் உலோகத்தின் வழியே ஓரத்துக்கு ஓடி, அங்கே ஒட்சிசனோடும் நீரோடும் சேர்கின்றன. கரையும் இடத்தை அனோட்டு என்றும் இலத்திரனை வாங்கும் இடத்தைக் கதோட்டு என்றும் சொல்கிறோம். இரண்டாவது, உப்புநீர் இந்தச் சுற்றை மூடிவைக்கும் கம்பி. சுத்தமான நீரில் மின்னோட்டம் தடுமாறும், உப்புநீரில் எளிதாக ஓடும். மூன்றாவதுதான் பலருக்கு நம்பக் கடினம். இரும்பு கரைவது ஒட்சிசன் நிறையக் கிடைக்கும் ஓரத்தில் அல்ல, ஒட்சிசன் குறைந்த நடுவில். சேறு அப்பிய மடிப்பு, இரண்டு தகடு ஒட்டும் இடுக்கு, பட்டிக்குப் பின்னால் தேங்கும் ஈரம் ஆகியவை காற்றோட்டமுள்ள முகப்பைவிட முதலில் ஓட்டையாவது இதனால்தான்.

ஒரே உலோகத்துக்குள்ளேயே இப்படியென்றால், இரண்டு உலோகம் ஒட்டியிருக்கும்போது போட்டி இன்னும் கடுமையாகும். எந்த உலோகம் இலத்திரனை எளிதில் விடுமோ அது அனோட்டாகிக் கரையும். மற்றது கதோட்டாகித் தப்பும். நாகம் இரும்பைவிட எளிதில் விடும். இரும்பு நிக்கலைவிட எளிதில் விடும். நிக்கல் செப்பைவிட எளிதில் விடும். காப்புப் படலம் மூடிய குரோமியமோ இலத்திரனை விடத் தயங்கும் உலோகங்களின் பக்கம் போய் நின்றுகொள்ளும்.

வாளியின் விடை இந்த வரிசையிலேயே இருக்கிறது. கீறலில் தெரியும் இரும்பைச் சுற்றியுள்ள நாகம் தான் கரைந்து இரும்புக்கு இலத்திரன் கொடுக்கிறது. தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பதால் இதைத் தன்னிழப்புக் காப்பு என்னலாம். நாகம் கரைவதும் மெதுவாகவே. உலோக அரிப்புக்கான உலகத் தரநிலை, கடும் கடற்காற்று வகையில் வெறும் உருக்கு ஓராண்டில் 80 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை தேயும் என்று வகுக்கிறது. அதே வகையில் நாகம் தேய்வது சுமார் 4 முதல் 8 மைக்ரோமீற்றர் மட்டுமே.

பம்பரில் கதை தலைகீழ். துளைக்குள் தெரிவது இரும்பு, சுற்றியிருப்பது அதைவிட விடத் தயங்கும் நிக்கலும் குரோமியமும். ஆகவே இரும்புதான் கரைய வேண்டும். அதுவும் மெதுவாக அல்ல. ஓர் ஊர் முழுவதும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினால் அந்தக் கிணறு எத்தனை நாளைக்குத் தாங்கும்? பம்பரின் பரந்த பரப்பு முழுவதும் இலத்திரன் கேட்டு நிற்கும் ஊர், ஊசித்துளை அந்த ஒற்றைக் கிணறு. பரப்பு எவ்வளவு பெரிதோ, துளை எவ்வளவு சிறிதோ, அவ்வளவு வேகமாகத் துளை ஆழமாகும். பெயின்ற் அடித்த தகட்டில் இந்தக் கேடு இல்லை. பெயின்ற் இலத்திரன் கடத்தாது, அள்ள வரும் ஊரே அங்கே கிடையாது. ஓட்டை விழுந்த குரோமியம், முலாமே இல்லாத இரும்பைவிட அந்த ஓரிடத்தில் விரைவாக ஆழத் துளைக்கும் என்று சொல்வது மிகையல்ல.

கப்பலடியில் ஒரு தாள் துண்டு

இந்தப் பாடத்தை உலகம் கார்களிலிருந்து கற்கவில்லை, கப்பல்களிலிருந்து கற்றது. மரக் கப்பலின் அடியைக் கடற்புழு அரிக்காமலிருக்க, பிரித்தானியக் கடற்படை 1761இல் எச்எம்எஸ் அலாம் என்ற போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. மேற்கிந்தியக் கடலில் ஓடித் திரும்பிய கப்பலை 1763இல் ஆராய்ந்தபோது செப்பு நன்றாக இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் உக்கிப் போயிருந்தன. பரந்த செப்பு, சிறிய இரும்பு. மேலே பார்த்த அதே கணக்கு. ஆனால் சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. ஏனென்று பார்த்தால், தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் அந்த ஆணிகளின் தலைக்கடியில் சிக்கிக் கிடந்தது. செப்பும் இரும்பும் நேரடியாகத் தொடாத இடத்தில் அரிப்பு இல்லை.

மின்கலம் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கு முன்பே, மின்னரிப்பைத் தடுக்கும் வழியை அந்தத் தாள் துண்டு காட்டிவிட்டது. இருந்தும் கடற்படை அதை முழுதாக மனதில் வாங்க இருபது ஆண்டு எடுத்தது. 1780களின் தொடக்கத்தில் பெரும்பாலான கப்பல்களுக்குச் செப்பு அடித்தாயிற்று. 1782இல் திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட காலம் அது. இரும்பு ஆணியைக் கைவிட்டுச் செப்புக் கலப்பு ஆணிக்கு மாறும் முடிவு 1783இல்தான் வந்தது.

1824இல் வேதியியலாளர் ஹம்பிரி டேவி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். செப்புத் தகட்டைக் காக்க அதனோடு இரும்போ நாகமோ துண்டு துண்டாகப் பொருத்தினால் போதும் என்று காட்டினார். செப்பு அரிபடவில்லை. ஆனால் செப்பு கரையாததால் அதன் நஞ்சும் கடலில் கலக்கவில்லை. விளைவாகக் கப்பலடியில் சிப்பியும் பாசியும் அடர்ந்து ஏறி, ஓட்டம் குறைந்தது. கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. அறிவியலாக அது முழு வெற்றி. இன்று துறைமுகத்தில் நிற்கும் இரும்புக் கப்பல்களின் அடியில் நாகக் கட்டிகள் பொருத்துவது டேவியின் அதே வழிதான்.

காயாத கடற்கரை

கடலோரத்தில் மழை பெய்யாத நாளிலும் கறள் வளர்கிறதே, ஏன்? சமையலறை உப்புப் போத்தலைப் பார்த்தால் தெரியும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைசலாகும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. அதற்கு நூற்றுக்கு 33 இருந்தாலே போதும். திருகோணமலைக் கரையில் ஈரப்பதன் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே வாடைக்காற்று கிறிலில் படிய வைத்த உப்பு, கச்சான் காற்று சுட்டெரிக்கும் ஆனி, ஆடியிலும் முழுதாகக் காய்ந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று எப்போதும் அந்த மின்சுற்றை மூடியபடியே இருக்கும். போதாததற்கு உப்பிலுள்ள குளோரைட்டு, குரோமியத்தின் காப்புப் படலத்தையே சில இடங்களில் துளைக்க வல்லது.

கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை இந்த ஆபத்து? அமெரிக்காவின் வட கரோலைனாவில், கியூர் கடற்கரையில், 1930களிலிருந்து உலோகத் துண்டுகளைச் சட்டத்தில் பொருத்திக் கடற்காற்றுக்குக் காட்டி அளந்து வருகிறார்கள். ஒரு தொகுதி கடலிலிருந்து 25 மீற்றரில், இன்னொன்று 250 மீற்றரில். ஒரே கடல், ஒரே மழை, ஒரே வெயில். ஆனால் முன்னே நிற்கும் உருக்கு பின்னே நிற்பதைவிடப் பல மடங்கு வேகமாகத் தேய்கிறது. உப்புத் துளிகள் கனமானவை, முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே பெரும்பகுதி விழுந்துவிடும். காரைக் கடற்கரைப் பக்கத்து வளவிலிருந்து வயல் பக்கத்து வளவுக்கு மாற்றுவது எந்தப் பொலிஷையும்விடப் பெரிய பாதுகாப்பு என்பதற்கு இதுவே ஆதாரம்.

வெடிப்பைக் கூட்டினால் கறள் குறையும்

துளையே இல்லாத குரோமியம் பூசினால் தீர்ந்ததே என்று தோன்றும். அது நடக்காது. முலாம் தொட்டியில் படியும்போதே குரோமியம் உள்ளிறுக்கத்தால் தானாக நுண்ணிய வெடிப்பு விடும். தடிப்பாகப் பூசினால் வெடிப்பும் பெரிதாகும். பொறியியலாளர்கள் கண்ட தீர்வு விசித்திரமானது. வெடிப்பைத் தடுக்க முடியாதென்றால் அதைப் பெருக்கு. ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில் 250க்கும் கூடிய நுண்வெடிப்பு, அல்லது ஒரு சதுர சென்ரிமீற்றரில் 10,000க்கும் கூடிய நுண்துளை விழும்படி வேண்டுமென்றே பூசுகிறார்கள். ஒற்றைக் கிணற்றை ஊரே மொய்ப்பதற்குப் பதிலாக, வீட்டுக்கொரு கிணறு. ஒவ்வொன்றிலும் அள்ளப்படுவது சொற்பம், எதுவும் ஆழமாவதில்லை.

இன்னொரு தந்திரம் இரட்டை நிக்கல். கீழடுக்கில் கந்தகமற்ற நிக்கல், மேலடுக்கில் சிறிது கந்தகம் கலந்த பளபளப்பு நிக்கல். மேலடுக்கு கீழடுக்கைவிட எளிதில் கரையும். துளை மேலடுக்கைக் கடந்து கீழடுக்கைத் தொட்டதும், ஆழப் போகாமல் பக்கவாட்டில் பரவும். இரும்பு வரை போய்ச் சேரப் பல ஆண்டு பிடிக்கும். 1950களின் பிற்பகுதியிலிருந்து பரவிய முறை இது. அதற்கு முந்திய மைனர்களிலும் சோமர்செற்களிலும் இதை எதிர்பார்க்க முடியாது. பழைய முகப்பைப் புதிதாக முலாமிடக் கொடுக்கும்போது இரட்டை நிக்கல் கேட்டு வாங்கினால், கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்ததைவிட உறுதியான முகப்பு கிடைக்கும்.

கையில் எடுக்கும் முன்

முகப்பைக் கழற்றியதும் முதல் வேலை அது எந்த உலோகம் என்று அறிவது. ஒரு காந்தமும் இரண்டு கண்ணும் போதும். காந்தம் இறுகப் பிடித்துக் கபிலக் கறளும் இருந்தால் உருக்கு, பெரும்பாலும் பம்பரும் கிறில் சட்டங்களும். காந்தம் பிடிக்காமல் கனமாக இருந்து, வெள்ளைத் தூளோடு கொப்புளம் போட்டிருந்தால் நாக வார்ப்பு. பெயர்ப்பட்டை, கதவுப் பிடி, போனற்றின் முன் சின்னம் ஆகியவை இவ்வகை. குரோமியத்துக்கு அடியில் நாகம் கரைந்து, கரைந்த பொருள் கூடிய இடம் பிடித்துத் தோலைத் தூக்குவதால் வருவதே அந்தக் கொப்புளம். பச்சைப் படிவு தெரிந்தால் பித்தளை. இலேசாக, காந்தத்துக்கு அசையாமல், சாம்பல் வெள்ளையாக மங்கியிருந்தால் அலுமினியம். 1960களின் அமெரிக்கக் கார்களின் கிறில்களில் இது நிறைய. காந்தமும் பிடிக்காமல் எந்தப் படிவும் இல்லாமல் இருந்தால் துருப்பிடிக்காத உருக்கு. அதற்கு முலாமே தேவையில்லை, நெளிவெடுத்து மினுக்கினால் முடிந்தது.

இரண்டாவது வேலை, நல்ல தண்ணீரில் கழுவுவது. முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தை. கிறிலின் பின்மடிப்பில் ஆண்டுக்கணக்கான சேறும் உப்பும் இறுகிக் கிடக்கும். வெந்நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். உப்பு போய்விட்டதா என்று அறிய, கடைசியாக ஊறிய நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சில துளி விட்டால் போதும். பால்போல் வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது. கழுவும் நீரே கிணற்று உவர்நீரானால் இந்தச் சோதனை ஏமாற்றும். மழைநீரோ வடித்த நீரோ வேண்டும்.

மூன்றாவது, கறளை எடுப்பது. குரோமியம் கண்ணாடியைவிடக் கடினமானது, ஆனால் மெல்லியது. சாண்ட் பேப்பர் போட்டால் சில நிமிடத்தில் குரோமியம் போய் மஞ்சள் பாய்ந்த நிக்கல் தெரியும். மென்மையான அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, வட்டமாகத் தேய்த்தால் புள்ளிக் கறள் மட்டும் வரும், குரோமியத்தில் கீறல் விழாது. குத்துவிளக்குக்குப் புளி போடுகிறோமே, அதிலுள்ள தாத்தாரிக் அமிலம் இரும்பையும் பற்றி இழுக்கும். உருக்குப் பாகத்தில் அளவோடு பூசி உடனே கழுவலாம். நாக வார்ப்பிலும் அலுமினியத்திலும் எந்தப் புளிப்பும் படக்கூடாது, அவை அமிலத்தில் கரைந்துவிடும். முலாமில்லாத இரும்புத் தாங்கிகளைச் சலவைச் சோடாக் கரைசலில் வைத்து, பற்றரி சார்ச்சரின் எதிர்முனையை அவற்றோடு இணைத்தும் கறள் நீக்கலாம். ஐதரசன் வாயு வரும், ஆகவே திறந்த வெளியில் செய்ய வேண்டும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத உருக்கை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும்.

கறள் குழியாகிவிட்டால் முலாம் பட்டறைதான் வழி. பழைய குரோமியத்தையும் நிக்கலையும் உரித்து, குழியைச் செப்பால் நிரப்பி, மினுக்கி, நிக்கல் ஏற்றி, கடைசியில் குரோமியம். இங்கே கவனிக்க ஒன்றுண்டு. தொட்டியில் மின்னோட்டம் மேடான விளிம்புகளுக்கே ஓடும், பள்ளத்துக்குக் குறைவாகவே போகும். குரோமியத் தொட்டியில் இந்தப் பாரபட்சம் மிக அதிகம். கிறில் சட்டங்களின் இடுக்குகளில் முலாம் மெலிந்தே இருக்கும். முதலில் கறளும் அங்கேதான் வரும். வேலையை ஏற்கும்போது விளிம்பைப் பார்க்காமல் இடுக்கைப் பாருங்கள்.

வீட்டில் குரோமிய முலாம் போடும் ஆசை யாருக்கும் வேண்டாம். பழைய முறைத் தொட்டியில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். புற்றுநோய் தருவது, நீரில் எளிதில் கரைந்து நிலத்தடிக்குப் போவது. தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேற்றுத் தொழிற்சாலை ஒன்று, ஓர் இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கழிவைத் திறந்த வெளியில் விட்டுச் சென்றது. அயலில் நிலத்தடி நீர் கெட்டது. கிணற்றை நம்பி வாழும் ஊர்களுக்கு இதைவிட எச்சரிக்கை வேண்டியதில்லை. குறைந்த நச்சுள்ள மூவிணைதிறன் குரோமியம் இப்போது வந்துவிட்டது. தெரிவு இருக்குமானால் அதையே கேட்கலாம்.

பூட்டும்போது கப்பலடித் தாளை மறக்கக் கூடாது. நாக வார்ப்புச் சின்னத்தைத் துருப்பிடிக்காத உருக்கு ஆணியால் நேரே இறுக்கினால், ஆணி பிழைக்கும், சின்னம் கரையும். இரண்டுக்கும் நடுவே றப்பர் அல்லது நைலோன் வாசர் ஒன்று போதும். பட்டிகளின் பின்பக்கத்துக்கும் தாங்கிகளுக்கும் பெயின்ற் அடியுங்கள்.

மினுக்கத்துக்குச் செலவழிப்பவர்கள் பலர், பின்பக்கத்துக்குச் செலவழிப்பவர்கள் சிலர். பத்தாண்டு கழித்துக் கிறில் மிஞ்சுவது இரண்டாவது வகையினரிடம். முலாம் முழுதாக உள்ள பழைய பாகத்தை உரிக்காதீர்கள், கழுவி மெழுகு பூசி விடுங்கள். புள்ளி கண்ட அன்றே துடையுங்கள், குழியாகும் வரை பொறுக்காதீர்கள். கடலோரத்தில் கார் வைத்திருப்பவர் வாடை தொடங்கு முன் ஒருமுறை மெழுகு பூச வேண்டும், வாடைக்குள் வாரம் ஒருமுறை பின்பக்கம் வரை நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு வாளி நீரும் கால் மணித்தியாலமும்தான். புதிய முலாமின் செலவு அதைவிடப் பல மடங்கு.